சம்பந்தியம்மாவின் சாமந்தி ஈ

பல் கட்டுகிறவரிடமிருந்து நேரான ஒரு பதிலை வாங்குவதைவிட, அவர் வாயிலிருந்தே ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று அவருடைய மனைவி சொல்வதுண்டு. அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை என்றால் ஒன்று சரி, இல்லையென்றால் தப்பு. நடுவில் மூன்றாவதாக ஒன்று இருப்பதை இத்தனை வருடத்தில் ஒரு நாளும் ஒத்துக்கொள்ளாதவர். இவரோ 'இருக்கலாம்', 'பார்க்கணும்', 'அப்படியும் சொல்லலாம்' என்பதை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்தி, ஒரு பெண்ணையும் வளர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார். இந்த இரண்டு பேரும் எப்படி ஒத்துப்போனார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒத்துத்தான் போனார்கள்.

அவருடைய தொழில் அப்படி. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சைப் பார்த்துச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிற லேப் ஒன்றில், ஜன்னலோர மேஜை அவருடையது. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மற்றக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மெழுகைச் சுரண்டிச் சுரண்டிப் பல்லுக்கு உருவம் கொடுப்பார். ஒரு மயிரிழை கூடினாலும் போட்டுக்கொள்கிறவருக்கு வாய் மூடாது. அதனால் எதையும் சட்டென்று சொல்லிவிடாத குணம் கையிலிருந்து ஏறி நாக்குக்கும் வந்துவிட்டது.

இந்த மனிதருக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஈ. சாப்பாட்டில் மொய்க்கிற ஈ இல்லை, இலைக்குள் சுரங்கம் தோண்டுகிற ஈ. நாலு வருடத்துக்கு முன்னால் பால்கனித் தொட்டியில் இருந்த தக்காளி இலையில் வெள்ளையாக ஒரு கோணல் கோடு ஓடியிருப்பதைப் பார்த்து, இது என்ன என்று தேடப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. ஈ எள்ளில் பாதி இருக்கும். இலைக்குள் முட்டை வைக்கும். புழு இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவில் இருந்துகொண்டு, தின்றுகொண்டே நகரும். நகர்ந்த வழிதான் அந்த வெள்ளைக் கோடு. புழு சின்னதாக இருக்கும்போது கோடு மெல்லிசு, வளர வளரக் கோடும் தடிக்கும். பிறந்தது எங்கே, வளர்ந்தது எப்படி, போனது எந்தப் பக்கம் எல்லாம் இலையிலேயே இருக்கும்.

எங்கெங்கோ இருக்கிறவர்கள் தங்கள் தோட்டத்துப் படங்களைப் போட்டு, "இது என்ன பூச்சி?" என்று கேட்கிற இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். சொந்தப் பெயர் போடுவது அங்கே வழக்கமில்லை. இவர் அங்கே 'அரைக்கண்'. கூச்ச சுபாவம், அதனால் அந்தப் பெயரை வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு தினம் பத்துப் பதினைந்து படம் பார்ப்பார். லேப் முதலாளி அந்த வழியாகப் போகும்போதெல்லாம், "என்ன, ஈ ஓட்டிட்டிருக்கீங்களா?" என்று கேட்பார். நாலு வருடமாக அதே கேள்வி. நாலு வருடமாக அவரே சிரித்துக்கொள்வார்.

அரைக்கண்ணின் பதில் பாதி நாள் ஒரே மாதிரிதான் இருக்கும்: "இந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்." வீட்டில் எதை வழவழா கொழகொழா என்றார்களோ, அதை அங்கே நேர்மை என்றார்கள். "அரைக்கண் சொன்னால் சரியாக இருக்கும், சொல்லாவிட்டால் இன்னும் சரியாக இருக்கும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று நம்மவர் ஒரு டீ அதிகமாகக் குடித்தார். மொத்தத்தில் நிம்மதியான பிழைப்பு.

அந்த நிம்மதியில் ஒரே ஒரு முள், சம்பந்தியம்மா.

சம்பந்தியம்மா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வார்டுக்குள் நுழைந்தால் காய்ச்சல்கூட எழுந்து நின்றுவிடும் என்று அங்கே ஒரு பேச்சு இருந்ததாம். இவருடைய பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த வீட்டு மாடியில் இருக்கிறார்கள், சம்பந்தியம்மா கீழே. கல்யாணப் பேச்சின்போது அவர், "பொண்ணுக்குக் கோவம் வருமா?" என்று கேட்டதற்கு, நம்மவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "வரும்னும் சொல்லலாம்" என்றார். அந்த ஒரு பதிலுக்கே சம்பந்தம் தட்டிப் போயிருக்கும். பையன் பிடித்த பிடியில் நின்றான், நடந்தது. பிறகு ஒரு நாள் சம்பந்தியம்மா மருமகளிடம், "உங்கப்பாகிட்ட மணி என்னன்னு கேட்டா, கடிகாரத்தக் கலந்து பேசிட்டுச் சொல்றேன்பார் போல" என்று சொன்னதும் இவர் காதுக்கு வந்தது. கேட்டுச் சிரித்தார். சுருக்கென்று தைத்தது என்பதும் உண்மை. பெண் வாழப் போன இடத்தில் தகப்பனுக்கு மரியாதை வேண்டும் என்று எந்தத் தகப்பனுக்குத்தான் இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் போன் செய்தாள்.

"அப்பா, அத்தையோட சாமந்தி இலையில வெள்ளை வெள்ளையாக் கிறுக்கியிருக்குப்பா. ஈ ஒண்ணும் உக்காந்திருக்கு. படம் அனுப்பியிருக்கேன், பாருங்க. செடிய வெச்சுக்கலாமா, புடுங்கிடலாமா? அத்தைக்கு ஒரே வார்த்தையில பதில் வேணுமாம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தயவுசெஞ்சு 'இருக்கலாம்'னு மட்டும் சொல்லிடாதீங்கப்பா. அத்தை பக்கத்துலதான் நிக்கிறாங்க."

முப்பத்தாறு தொட்டி. ஒவ்வொன்றும் சம்பந்தியம்மா தன் கையால் கிளை நட்டு வளர்த்தது. ஆறு வாரத்தில் பூக்கண்காட்சி. மூன்று வருடமாக அங்கே அவருக்கு இரண்டாம் பரிசு, இந்த வருடம் முதல் பரிசு இல்லாமல் வீடு திரும்புவதில்லை என்றிருந்தார்.

சாமந்தி இலையில் இப்படிக் கோடு போடுகிற ஈ இரண்டு இருக்கிறது. ஒன்று சாம்பல் நிறம். அது அப்பிராணி. கோடு விழுந்த இலையைக் கிள்ளி எறிந்தால் கதை முடிந்தது. இன்னொன்றுக்கு முதுகில் மஞ்சள் புள்ளி. அது வந்துவிட்டால் ஒரு செடியோடு நிற்காது, தக்காளி, பீன்ஸ், அண்டை வீட்டுத் தோட்டம் என்று எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிடும். செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதுதான் வழி. பல் கட்டுகிறவர் படத்தைப் பெரிதாக்கினார். ஈயை ஒட்டி வெட்டிய படம், ஈயைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. முதுகில், இறக்கை இரண்டும் சேர்கிற இடத்தில், பளிச்சென்று மஞ்சள்.

'இலையைத் திருப்பிப் பாருங்கள்' என்ற வார்த்தை பல் ஓரம் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து, போனில் பின்னாலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது.

"என்ன, யோசிக்கிறாராக்கும்?"

அவ்வளவுதான். "மஞ்சள் முதுகு ஈதான்ம்மா. சந்தேகமே இல்ல. புடுங்கிடச் சொல்லு" என்றார். சொன்னது தான்தானா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

போன் கை மாறியது. "பரவாயில்லையே சம்பந்தி!" என்றார் சம்பந்தியம்மா. "இதுல்ல பதில். இப்படிப் பேசினா என்னவாம் இத்தன நாளா?"

அன்றைக்கு முழுவதும் அவர் கால் தரையில் பாவவில்லை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி மட்டும் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். "நெஜமாவே தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"நூத்துக்கு நூறு."

"உங்க வாயால நூத்துக்கு நூறுன்னு நான் கேட்டதே இல்லையே. உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வழக்கம்போல லேப் மேஜையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படங்களைப் பார்த்தார். 'புதியவர் 4418' என்று யாரோ ஒருவர். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்தப் பக்கமே இப்படி ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். சாமந்தி இலை, கோடுகள், ஒரு ஈ. "முதுகு மஞ்சளாக இருக்கிறது. இது செடியைப் பிடுங்க வேண்டிய ஈ என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் கருத்துத் தேவை" என்று கேள்வி, தந்தி மாதிரி. தூரத்திலிருந்து எடுத்த படம். ஈக்கு ஒரு சாண் தள்ளி, ஈ பிடிக்கத் தோட்டக்காரர்கள் தொங்கவிடுகிற ஒட்டும் மஞ்சள் அட்டை ஒன்று வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

அரைக்கண்ணுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எழுதினார்:

"உங்களிடம் சொன்னவர் அவசரப்பட்டுவிட்டார். பக்கத்தில் மஞ்சள் அட்டை தொங்குகிறது. அதன் நிறம் ஈயின் முதுகில் அடித்திருக்கலாம். இந்தப் படத்தை வைத்து எந்த ஈ என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இலையைத் திருப்பி, கோடு முடிகிற இடத்தைப் பாருங்கள். எள் மாதிரி ஒரு கூட்டுப்புழு இலைக்குள்ளேயே இருந்தால் அது சாம்பல் ஈ, பயப்பட வேண்டாம். மஞ்சள் முதுகு ஈயின் புழு இலையைக் கிழித்துக்கொண்டு மண்ணில் விழுந்துவிடும். பத்து இலையாவது பாருங்கள். அதுவரை ஒரு செடியையும் தொட வேண்டாம்."

அனுப்பிவிட்டு, திருப்தியாகச் சாப்பிட்டு முடித்தார். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது அவரைப் பார்த்துச் சொன்னதுதான்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு அம்மாள் முன்பல்லுக்கு நிறம் பார்க்க வந்தார். மற்ற பல்லோடு பொருந்துகிற நிறத்தை ஆளை நேரில் உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும். வந்தவர் கழுத்தில் ரத்தச் சிவப்பில் ஒரு துணி சுற்றியிருந்தார். பல் கட்டுகிறவர் வழக்கம்போல ஒரு சாம்பல் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டு மூடினார்.

"எதுக்குங்க இது?"

"சிவப்பு பல்லுல அடிக்கும்மா. பக்கத்துல இருக்கிற நிறம் நம்மள ஏமாத்திடும். இருபத்தெட்டு வருஷமா இதுதான் முதல்..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. வந்த அம்மாள் வாயைத் திறந்தபடியே காத்திருந்தார். 'ஞாயிற்றுக்கிழமை படம். ஒட்ட வெட்டிய படம். அதுக்குப் பக்கத்துல என்ன இருந்துச்சு?' நிறத்தைப் பார்த்துக் குறித்து அந்த அம்மாளை அனுப்பியதும், பெண்ணுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, உங்க அத்தை தோட்டத்துல மஞ்சள் அட்டை எதுவும் தொங்குதா?"

"ஆமாப்பா, நாலு இருக்கு. நான்தான் வாங்கிட்டு வந்து குடுத்தேன். ஏன்?"

"செடி? செடியெல்லாம் புடுங்கியாச்சா?"

"நேத்து ஆரம்பிச்சாங்க. இடுப்பு வலின்னு நடுவுல நிறுத்திட்டாங்க. நாளைக்கு மிச்சத்தயும் முடிச்சிடுவாங்க. என்னப்பா ஆச்சு?"

"எதையும் தொட வேண்டாம்னு சொல்லு. நாளைக்கு மத்தியானம் நானே வர்றேன்."

"அப்பா... தப்பாச் சொல்லிட்டீங்களா?"

"ஆமாம்மா" என்றார். அவர் வாழ்க்கையில் 'இருக்கலாம்' கலக்காத இரண்டாவது பதில் இது. முதல் பதிலின் லட்சணம்தான் நமக்குத் தெரியுமே.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, போனிலேயே சம்பந்தியம்மாவிடம் பேசிவிட்டால் என்ன என்று ஒரு சின்ன வழி தேடினார். கணக்கு டீச்சர் விடவில்லை. "போன்ல சொல்லிப் புடுங்க வெச்சீங்க, அது போதும். தப்ப நேர்ல போய்ச் சொல்லுங்க. பொண்ணு இருக்கிற வீடு. இன்னிக்கு நழுவினீங்கன்னா, அப்புறம் நீங்க அந்த வீட்டு வாசப்படியில நிமிர்ந்து ஏற முடியாது."

புதன்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு, இரண்டு பஸ் மாறிப் போனார். கேட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது நாலு மஞ்சள் அட்டைகள். ஒவ்வொன்றும் பெரிய புத்தகம் அளவுக்கு. அதற்குக் கீழே, வரிசையில் பதினொரு தொட்டிகள் வெறும் மண்ணாக இருந்தன. சுவர் ஓரத்தில் கழுத்தை இறுக்கிக் கட்டிய இரண்டு கறுப்புப் பைகள். பிடுங்கிய செடிகள் அதில்தான் இருக்கின்றன என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டாயே பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சம்பந்தியம்மா மிச்சச் செடிகளுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டு, காதில் பென்சில்.

"சம்பந்தியம்மா, ஞாயித்துக்கிழமை நான் சொன்னேன் பாருங்க, அது..."

"முதல்ல உக்காருங்க" என்றார். இன்னொரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டார். உட்கார்ந்தார். அந்தக் குரலுக்கு உட்காராதவர்கள் இல்லை. "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. திங்கட்கிழமை பதினொண்ணு புடுங்கினேன். இடுப்பப் புடிச்சிட்டு நிமிர்ந்தப்பதான் தோணுச்சு. ஆஸ்பத்திரியில ஒரு கால எடுக்கணும்னாக்கூட ரெண்டு டாக்டர் கையெழுத்து வேணும். நான் ஒரே ஒருத்தர் பேச்சக் கேட்டு இத்தனையும் எடுக்கிறேனேன்னு. உங்க மாப்பிள்ளை ஒரு பக்கம் காட்டினான், படம் போட்டுக் கேக்கிறது. அதுல கேட்டேன்."

'புதியவர் 4418' என்ற எண் பல் கட்டுகிறவர் கண் முன்னால் வந்து நின்றது.

"ஒருத்தர் பதில் எழுதியிருக்கார் பாருங்க. என்ன தெளிவு! நோட்டுல எழுதி வெச்சுட்டேன்." சம்பந்தியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மருந்துச் சீட்டைப் படிக்கிற தோரணையில் படித்தார். "'உங்களிடம் சொன்னவர் அவசரப்பட்டுவிட்டார்.' அதாவது நீங்க. 'பக்கத்தில் மஞ்சள் அட்டை தொங்குகிறது.' பாத்தீங்களா, எனக்கே தோணல. 'சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.' எப்படிப் போட்டிருக்கார் பாருங்க! தெரியலேன்னு சொல்றதுலயும் ஒரு கம்பீரம் இருக்கு. அரைக்கண்ணோ என்னமோ பேரு. பெரிய காலேஜ்ல புரொபசரா இருப்பார். அவர் மாதிரி ஒருத்தர நாம கையில வெச்சுக்கணும் சம்பந்தி."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். வெண்ணெய் இப்படித் தலையைக் குனிந்துகொண்டு முக்காலியில் உட்கார்ந்திருப்பதை நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. தப்பு வெளியே வந்துவிட்டது, திட்டும் இவ்வளவுதான். மிச்சச் செடிகள் பிழைத்தன. டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். அந்தப் புரொபசர் பெரிய படிப்பாளியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சம்பந்தியம்மா நோட்டை மூடுவதற்குள் பல் கட்டுகிறவர் சொல்லிவிட்டார்.

"அந்த அரைக்கண் நான்தாங்க."

சம்பந்தியம்மா சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். சம்பந்தியம்மா அதைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், இவரை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அது யாரோ ஒரு நம்பரு. யாருன்னே தெரியாத அந்த நம்பருக்கு உக்காந்து இவ்வளவு உண்மை எழுதியிருக்கீங்க. சம்பந்தின்னு நான் கேட்டா மட்டும் வாய்க்கு வந்ததச் சொல்றதா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? முதுகு மஞ்சளாக இருந்தது, படம் ஒட்ட வெட்டியிருந்தது என்று ஆயிரம் சொல்லலாம். எல்லாம் உண்மை, எதுவும் காரணம் இல்லை.

"உங்களுக்குப் பயந்துதான் சம்பந்தியம்மா" என்றார். "இலையத் திருப்பிப் பாக்கச் சொல்லணும்னு எனக்கு அப்பவே தெரியும். யோசிக்கிறாராக்கும்னு நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. உங்ககிட்ட ஒரு தடவையாவது நல்ல பேர் எடுக்கணும்னு சொல்லிட்டேன். தப்பு என் மேலதான்."

சம்பந்தியம்மா எழுந்து போய் ஒரு கறுப்புப் பையின் கட்டை அவிழ்த்தார். வாடிய செடி ஒன்றை வெளியே இழுத்துப் போட்டு, "காட்டுங்க" என்றார்.

பல் கட்டுகிறவர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இலையைத் திருப்பினார். கோடு தடித்து முடிகிற இடத்தில், தோலுக்கு அடியில், எள் அளவுக்கு ஒரு மேடு. அடுத்த இலை, அதிலும் ஒன்று. சம்பந்தியம்மாவும் பக்கத்தில் குனிந்து விரல் நுனியால் தடவிப் பார்த்தார். ஊசி போட நரம்பைத் தடவித் தேடிய விரல், உடனே பிடிபட்டது. இருபது இலை பார்த்தார்கள். பதினெட்டில் கூட்டுப்புழு உள்ளேயே இருந்தது. இரண்டில் புழு பாதி வழியிலேயே செத்துப் போயிருந்தது.

"சாம்பல் ஈ" என்றார் அவர். "இப்பச் சொல்லலாம். இலைய மட்டும் கிள்ளிப் போட்டிருந்தாப் போதும்."

"அப்ப இந்தப் பதினொண்ணு?"

"அநியாயமாப் போச்சு. என்னாலதான்."

பரவாயில்லை என்று சம்பந்தியம்மா சொல்லவில்லை. பரவாயில்லாத விஷயத்துக்குப் பரவாயில்லை என்று சொல்லாத அந்த மனுஷியை, சம்பந்தியான இந்த ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அவருக்குப் பிடித்துப் போனது.

மிச்சம் இருபத்தைந்து தொட்டி. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாக முக்காலியைப் போட்டுக்கொண்டு கோடு விழுந்த இலைகளைக் கிள்ள ஆரம்பித்தார்கள். வெயில் தணிந்து, சுவர் நிழல் தொட்டிகள்மேல் ஏறியது. நடுவில் சம்பந்தியம்மாவே டீ போட்டுக்கொண்டு வந்தார், சர்க்கரை எவ்வளவு என்று கேட்கவில்லை. அந்த வாயிடம் போய்க் கேட்டால் டீ ஆறிவிடும் என்று நினைத்திருக்கலாம். நாலு மஞ்சள் அட்டைகளையும் கழற்றித் திண்டில் அடுக்கினார்கள். நல்ல வேலை, நல்ல வெளிச்சம், கைக்கு எட்டுகிற தூரத்தில் ஈ. தப்புச் செய்துவிட்டு வந்தவன் இப்படிச் சந்தோஷமாக இருக்கலாமா என்று அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பதினேழாவது தொட்டியிலோ பதினெட்டாவதிலோ, இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சம்பந்தியம்மா பேசினார்.

"முப்பத்தொரு வருஷம் வார்டுல இருந்தேன். நான் கேட்டா, சின்ன நர்ஸுல இருந்து புது டாக்டர் வரைக்கும் டக்குனு பதில் சொல்வாங்க. எவ்வளவு தெளிவா இருக்காங்கன்னு எனக்குப் பெருமையா இருக்கும். இப்ப நீங்க சொன்னதக் கேட்டதும், அதுல எத்தன பேர் உங்கள மாதிரின்னு தோணுது."

பல் கட்டுகிறவர் கிள்ளிய இலைகள் கிடந்த கூடையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? சம்பந்தியாக் கேக்கல. அந்த நம்பர் கேக்குதுன்னு வெச்சுக்குங்க."

"கேளுங்க."

"உங்க பொண்ணுகிட்ட நான் கடுமையா இருக்கேனா?"

அவருக்குக் கை நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்த கேள்வி செடியோடு போயிற்று. இது அப்படியில்லை. ஒரு வார்த்தை பிசகினால் பெண்ணின் வாழ்க்கையில் போய் விழும். அத்தை மாதிரி உண்டா என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. அவர் யோசித்தார். சம்பந்தியம்மா அவசரப்படுத்தவில்லை. ஒரு இலையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கடுமைதாங்க" என்றார். "கெட்ட எண்ணம் கிடையாது, அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனா போன தடவை நாங்க வந்தப்ப மாடியில பேசிட்டிருந்தோம். நீங்க படியேறி வர்ற சத்தம் கேட்டுச்சு. கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தவ டக்குனு எந்திரிச்சு நின்னுட்டா. நீங்க உள்ள வரக்கூட இல்ல. அவ வீட்டுல அவ உக்காந்திருக்கக் கூடாதான்னு எனக்குக் கஷ்டமா இருந்துச்சு."

சம்பந்தியம்மா கையில் இருந்த இலையைக் கூடையில் போட்டார். இன்னொரு இலையைக் கிள்ளினார். அதில் கோடே இல்லை, நல்ல இலை. அதையும் கூடையில் போட்டார்.

"அவ சொன்னாளா?"

"அவ ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் பாத்தது."

"ம்" என்றார் சம்பந்தியம்மா. அடுத்த தொட்டிக்கு முக்காலியை நகர்த்திக்கொண்டார். கெடுத்துவிட்டோமோ என்று பல் கட்டுகிறவருக்குத் தோன்றியது. இருந்தாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

ஐந்தரை மணிக்குக் கேட் திறந்தது. பெண் வேலையிலிருந்து வந்தாள். அப்பாவும் அத்தையும் அருகருகே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சிரிப்புச் சிரித்தாள். படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒன்றைக் கழற்றியிருப்பாள், சம்பந்தியம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். அவ்வளவுதான், பெண் ஒற்றைக் கால் ஷூவோடு சட்டென்று எழுந்து நின்றாள்.

சம்பந்தியம்மா அவள் முன்னால் நின்றார். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் சாக்ஸ். கொஞ்ச நேரம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார், அவற்றை அன்றைக்குத்தான் முதலில் பார்ப்பவர் மாதிரி. தொட்டிகளுக்கு நடுவிலிருந்த பல் கட்டுகிறவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உக்காந்து கழட்டும்மா" என்றார் சம்பந்தியம்மா. "நான் ஒண்ணும் ரவுண்ட்ஸ் வரல."

பெண்ணுக்குப் புரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். சம்பந்தியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதே படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் மறுபடி எழப் போக, தோளில் கை வைத்து அழுத்தினார்.